ஏ.டி.எம்.முக்கு இடம் கொடுத்த கட்டட உரிமையாளர் கவனிக்கவேண்டியவை

உங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ஒரு வங்கியின் ஏ.டி.எம். இருக்கிறது. பணம் எடுத்துக்கொண்டு வெளியே வந்த ஒருவரை யாரோ தள்ளி விழுத்திப் பையைப் பறித்துக்கொண்டு ஓடுகிறான். விழுந்தவருக்குக் கை முறிகிறது. அவர் உங்கள் மீது நட்டஈட்டு வழக்குப் போடலாமா? போடலாம். வெல்வாரா என்பது பெரும்பாலும் இரண்டு விஷயங்களில் தங்கியிருக்கிறது: அந்த இடத்தில் எது உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தது, அங்கே ஆபத்து இருப்பது உங்களுக்கு முன்பே தெரிந்திருந்ததா.

நான் சட்டத்தரணி இல்லை. கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் வெளிநாட்டில் இருப்பவர்களின் கட்டடங்களை, அவர்கள் எழுதித்தந்த அற்றோணித் தத்துவத்தின் (அதிகாரப் பத்திரத்தின்) பேரில் பார்த்துவருகிறேன். வாடகை வாங்குவது, திருத்தவேலை பார்ப்பது, குத்தகை எழுத நொத்தாரிசிடம் (உறுதி எழுதும் சட்டத்தரணியிடம்) போவது, தேவைப்பட்டால் கோப்பைத் தூக்கிக்கொண்டு புதுக்கடை நீதிமன்றங்களுக்கு அலைவது எல்லாம் என் வேலை. அந்தக் கட்டடங்களில் சிலவற்றில் ஏ.டி.எம். இருக்கிறது. வங்கி நல்ல வாடகை தரும், ஒழுங்காகத் தரும். அதனால் உரிமையாளர்கள் அதற்குமேல் யோசிப்பதில்லை. கனடாவில் இருக்கும் ஒருவரோடு தொலைபேசியில் பேசியபோது அவர் சொன்னது: "தம்பி, அது பாங்க்காரற்ற இடம்தானே. அவையள் பாத்துக்கொள்ளுவினம்." நான் கேட்டேன்: "உள்ளுக்கு அவையின்ர இடம்தான் அண்ணை. படி ஆற்ற? படிக்கு மேல எரியிற லைட் ஆற்ற?" அவரிடம் பதில் இல்லை. குத்தகை உறுதியிலும் பதில் இல்லை. அந்தக் கேள்விக்குப் பதில் எழுதிவைப்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது.

சட்டம் எதைக் கேட்கிறது

கொள்ளைக்காரன் செய்த குற்றத்துக்கு உங்களை யாரும் சிறையில் போடப்போவதில்லை. குற்றவியல் வழக்கு அவன்மீது. உங்கள் மீது வரக்கூடியது குடியியல் வழக்கு, அதுவும் உங்களுடைய சொந்தக் கவனயீனத்துக்காக. இதற்கென்று தனியாக ஒரு சட்டப் புத்தகத்தைத் தேடிப் போகவேண்டியதில்லை. ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் தீங்குக்கு நட்டஈடு கேட்கும் பொதுவான தீங்கியல் சட்டமே போதும். இலங்கையில் அதன் அடித்தளம் உரோமன் டச்சுச் சட்டம். அதே மரபைப் பின்பற்றும் தென்னாபிரிக்காவின் தீர்ப்புகளையும் நம்முடைய நீதிமன்றங்கள் எடுத்துப் பார்ப்பதுண்டு. கவனயீனத்தை அளப்பதற்கு அங்கே 1966இல் குருகர் எதிர் கூட்சியா வழக்கில் சொன்ன அளவுகோல் நன்கு தெரிந்தது. திறந்து கிடந்த கேட் வழியாக வீதிக்கு வந்த குதிரையில் கார் மோதிய வழக்கு அது. நியாயமாக யோசிக்கும் ஒருவர் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் இப்படியொரு தீங்கு வரலாம் என்று முன்கூட்டியே உணர்ந்திருப்பாரா? அதைத் தடுக்க ஏதாவது செய்திருப்பாரா? நீங்கள் அதைச் செய்யாமல் விட்டீர்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் கவனயீனம்.

இன்னொருவன் செய்யும் குற்றத்தை நான் தடுக்கவேண்டும் என்று எனக்கு ஒரு பொதுக் கடமை கிடையாது. வீதியில் போகும் எவரையும் நான் காப்பாற்றக் கடமைப்பட்டவன் இல்லை. ஆனால் இடம் என் கட்டுப்பாட்டில் இருந்து, வாடகைக்காக நானே ஆட்களை அங்கே வரவைத்து, ஆபத்தும் எனக்குத் தெரிந்திருந்தால் நிலைமை மாறுகிறது. கலிபோர்னியாவின் உச்ச நீதிமன்றம் 1993இல் ஒரு கடைத்தொகுதி வழக்கில் உரிமையாளருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. கடையில் வேலை செய்த பெண் ஒருவர் தாக்கப்பட்டிருந்தார். அதற்கு முன்பு அதுபோன்ற வன்முறை அங்கே நடந்தது உரிமையாளருக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட முடியவில்லை, அதனால் காவலாளி வைக்கும் கடமை இல்லை என்றார்கள். இதைத் திருப்பிப் படியுங்கள். தெரிந்திருந்தால் கதை வேறு. உங்கள் வாசலில் போன மாதம் ஒரு சங்கிலி அறுப்பு நடந்து, அது காவலாளியின் பதிவுப் புத்தகத்திலும் இருக்கிறது என்றால், "எதிர்பார்க்கவே இல்லை" என்ற வார்த்தை உங்கள் வாயிலிருந்து வர இடமில்லை.

கொழும்பில் இருப்பவர்களுக்கு இந்த எண்ணம் புதிதல்ல. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல் வழக்கில் 2023 ஜனவரியில் நம் உச்ச நீதிமன்றம், முன்னெச்சரிக்கை கிடைத்தும் செயற்படாதவர்கள் தங்கள் சொந்தப் பணத்திலிருந்து நட்டஈடு கட்டவேண்டும் என்றது. முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவுக்கு மட்டும் 100 மில்லியன் ரூபாய். அது அடிப்படை உரிமை வழக்கு, அரச அதிகாரிகள் பற்றியது, உங்கள் ஏ.டி.எம். வாசலுக்கு நேராகப் பொருந்தாது. ஆனாலும் "தெரிந்தும் சும்மா இருந்தாய்" என்பதை நீதிமன்றம் எவ்வளவு பாரமாக எடுக்கிறது என்பதை அதில் பார்க்கலாம்.

வழக்குப் போடுபவர் பக்கமும் ஒரு பெரிய சுமை இருக்கிறது. கவனயீனம் இருந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, அந்தக் கவனயீனத்தால்தான் தீங்கு வந்தது என்றும் காட்டவேண்டும். மருத்துவக் கவனயீனம் பற்றிய பிரியானி சொய்சா எதிர் ஆர்சகுலரத்ன வழக்கு நம் நாட்டில் விழுந்தது அந்த இடத்தில்தான்: கவனயீனம் நிரூபணமானது, அதுதான் மரணத்துக்குக் காரணம் என்பது நிரூபணமாகவில்லை. நம் விஷயத்தில், படிக்கட்டு விளக்கு மாதக்கணக்கில் எரியாமல் இருந்திருக்கலாம். ஆனால் பறிப்பு நடந்தது பட்டப்பகல் 2 மணிக்கு என்றால் அந்த விளக்கு கணக்கில் வராது. இரவு 8 மணிக்கு, அந்த இருட்டுக்குள் பதுங்கி நின்றவன் செய்தான் என்றால் வரும்.

இரவில் போய் நின்று பாருங்கள்

ஒரு கட்டடத்தை நான் பொறுப்பெடுத்தால் முதலில் செய்யும் வேலை, கடைகள் பூட்டிய பிறகு போய் அந்த இயந்திரத்துக்கு முன்னால் வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் நிற்பது. பகலில் போனால் ஒன்றும் தெரியாது. வெள்ளவத்தையில் காலி வீதி இரவு 9 மணிவரை வெளிச்சமாக, நெரிசலாகத்தான் இருக்கும். ஆனால் மரைன் டிரைவ் பக்கம் இறங்கும் ஒழுங்கைகளில் கடைப் பெயர்ப்பலகை விளக்குகள் அணைந்ததும் சட்டென்று இருட்டிவிடும். உங்கள் ஏ.டி.எம்.முக்கு இதுவரை வெளிச்சம் தந்தது பக்கத்துப் புடவைக் கடையின் பலகைதான் என்பது அப்போதுதான் தெரியவரும்.

அங்கே நின்றுகொண்டு கண்ணாடியைப் பாருங்கள். நான் பார்த்த இடங்களில் மிகப் பெரிய குறை இதுதான்: கண்ணாடிச் சுவர் முழுக்க, இடுப்பிலிருந்து தலைக்கு மேல்வரை, வங்கியின் நிலையான வைப்பு வட்டி வீத விளம்பரம் ஒட்டியிருக்கும். வீதியில் போகிறவருக்கு உள்ளே யார் நிற்கிறார், என்ன நடக்கிறது என்று தெரியாது. உள்ளே நிற்பவருக்கு வெளியே யார் காத்திருக்கிறார் என்று தெரியாது. பறிப்பவனுக்கு இதைவிட வசதி வேண்டுமா? அந்த ஸ்டிக்கரை முழங்கால் உயரத்துக்குக் கீழே இறக்கச் சொல்லி வங்கிக் கிளைக்குக் கடிதம் எழுதுங்கள். முதலில் மறுப்பார்கள், விளம்பரப் பிரிவு வேறு என்பார்கள். விடாமல் எழுதுங்கள். கண்ணாடி உங்களுடையது.

அப்புறம் பின்னால் திரும்புங்கள். மேல்மாடிக்குப் போகும் படிக்கட்டின் கதவு ஏ.டி.எம். கதவிலிருந்து இரண்டு எட்டில் இருந்தால் அது கவலைக்குரிய மூலை. அந்தக் கதவு இரவில் பூட்டப்படுகிறதா? படிக்குக் கீழே இருக்கும் இருண்ட பொந்தில் பழைய பெயின்ற் வாளியும் உடைந்த கதிரையும் குவிந்திருக்கிறதா? ஓர் ஆள் குந்தியிருந்தாலும் தெரியாத இடம் அது. குப்பையை அகற்றி, பலகையோ கம்பிவலையோ அடித்து அடைத்துவிடலாம், பெரிய செலவில்லை. அழகுக்கு வைத்த பூச்சாடிகள் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தால் வெட்டவேண்டும். காவலாளியின் கதிரை எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்றும் பாருங்கள். பல இடங்களில் அது மின்விசிறியைப் பார்த்திருக்கும்.

வெளிச்சத்துக்கு எவ்வளவு என்று ஓர் அளவு வேண்டுமென்றால் கலிபோர்னியாவின் ஏ.டி.எம். சட்டத்திலிருந்து எடுக்கலாம். இயந்திரத்தின் முகத்திலும் அதற்கு முன்னால் 5 அடிவரையும் கிட்டத்தட்ட 108 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு), சுற்றிவர 50 அடிக்குள் 21 லக்ஸ், வாகனம் நிறுத்துமிடம் இருந்தால் அங்கே 60 அடிவரை அதே 21 லக்ஸ். வெளிச்சம் மட்டுமல்ல, செடிகொடிகள் மறைக்கின்றனவா, அந்தச் சுற்றுவட்டாரத்தில் வன்முறைக் குற்றங்கள் நடந்திருக்கின்றனவா என்பதையும் மதிப்பிடவேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அது இங்கே கட்டுப்படுத்தாது. ஆனால் "நியாயமான ஒருவர் என்ன செய்திருப்பார்" என்று நாளைக்கு யாராவது கேட்டால், கையில் ஒரு அளவு இருப்பது நல்லது. கைத்தொலைபேசியில் லக்ஸ் அளக்கும் செயலிகள் இருக்கின்றன. துல்லியம் போதாதுதான், ஆனால் 100க்கும் 10க்கும் உள்ள வித்தியாசம் தெரியும். அளந்ததைத் திகதியோடு எழுதிவையுங்கள்.

மின்வெட்டை மறக்கவேண்டாம். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் கரண்ட் போன நாட்கள் நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும். அந்த நாட்களில் நான் கவனித்தது, இயந்திரம் வங்கியின் பற்றரியில் வேலை செய்துகொண்டிருக்கும், வாசல் விளக்கு கட்டடத்தின் இணைப்பில் இருப்பதால் அணைந்துபோயிருக்கும். இருட்டில் திரை மட்டும் மின்ன, அதற்கு முன்னால் காசோடு ஒரு மனிதர். வாசல் விளக்கையும் இயந்திரத்தின் மாற்று மின்சாரத்தோடு சேர்த்துவிடுங்கள், அல்லது மின்சாரம் போனால் தானாக எரியும் அவசர விளக்கு ஒன்றைப் பூட்டுங்கள். இதை உங்கள் எலெக்ட்ரீஷியன் அரை நாளில் முடித்துவிடுவார்.

எது யாருடையது என்று எழுதுங்கள்

சில வருடங்களுக்கு முன்பு, வேறொருவர் பார்த்துவந்த ஒரு கட்டடத்தின் கோப்பு என் கைக்கு வந்தது. அதற்குள் ஒரு சம்பவம் இருந்தது. ஓய்வூதியம் எடுக்க வந்த வயதான அம்மா ஒருவர் கண்ணாடிக் கதவைத் தாண்டி இரண்டாவது படியில் கால் வைத்தபோது பையை இழுத்திருக்கிறார்கள். பை தோளில் மாட்டிக்கொண்டதால் அவரும் சேர்ந்து இழுபட்டு விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வங்கி எழுதிய கடிதம்: சம்பவம் எங்கள் கதவுக்கு வெளியே நடந்தது. உரிமையாளர் தரப்புக் கடிதம்: அவர் வங்கியின் வாடிக்கையாளர். ஒருவர் மேல் ஒருவர் போட்டுக்கொண்டிருக்க, ஆஸ்பத்திரிச் செலவை மகள் நகையை அடகுவைத்துக் கட்டியிருக்கிறார். கடைசியில் காவலாளியின் பதிவுப் புத்தகத்தில்தான் விஷயம் கிடந்தது. சம்பவத்துக்கு முந்திய வாரங்களில் "முன் லைட் எரியவில்லை, அறிவித்தேன்" என்று அதே வரி திரும்பத் திரும்ப, ஒரே நீல மையில், கீழே கையெழுத்தோடு. அதைப் பார்த்த பிறகு இரண்டு பக்கத்துச் சட்டத்தரணிகளும் பேசி, செலவைப் பகிர்ந்து கொடுத்து முடித்தார்கள். அந்த அம்மா இன்றைக்கும் ஊன்றுகோலோடுதான் நடக்கிறார். ஒரு பல்பு மாற்றியிருந்தால் இது நடந்திருக்காது என்று நான் உறுதியாகச் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பல்பை மாற்றாமல் விட்டதற்கு எந்தக் காரணமும் அந்தக் கோப்பில் இல்லை.

ஆகவே குத்தகை எழுதும்போது, அல்லது புதுப்பிக்கும்போது, ஒரு வரைபடத்தை இணைக்கவேண்டும். வங்கிக்குத் தனியே கொடுத்த இடத்தை ஒரு நிறத்திலும், உங்கள் கையில் இருக்கும் படி, நடைவழி, வாகனம் நிறுத்துமிடம் ஆகியவற்றை வேறு நிறத்திலும் காட்டுங்கள். அப்புறம் ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதுங்கள்: இந்த விளக்குக்கு மின்கட்டணம் யார், பல்பு மாற்றுவது யார், எத்தனை மணிநேரத்துக்குள், காவலாளியை வைப்பது யார், கமராவின் பதிவு யாரிடம், பழுது என்றால் யாருக்கு அறிவிப்பது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்படவேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலிருந்து வரும் விதி. வங்கி அனுப்பும் மாதிரிப் பத்திரத்தில் அப்படியே கையெழுத்து வைக்காமல், இந்தப் பட்டியலை அதற்குள் ஏற்றச் சொல்லுங்கள்.

"வங்கியின் தவறால் எனக்கு வரும் நட்டத்தை வங்கி தரவேண்டும்" என்ற வாசகத்தையும் கேளுங்கள், அதற்கு மறுதலையையும் அவர்கள் கேட்பார்கள், நியாயம்தான். ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ளுங்கள். அந்த வாசகம் உங்களுக்கும் வங்கிக்கும் இடையில் மட்டும். படியில் விழுந்தவர் அந்தப் பத்திரத்தில் கையெழுத்து வைக்கவில்லை, அது அவரைக் கட்டாது. அவர் இருவரையும் சேர்த்து வழக்குப் போடலாம். யாருக்கு எவ்வளவு பங்கு என்று பிரிப்பதற்கும், காயப்பட்டவரின் சொந்தக் கவனக்குறைவு ஏதாவது இருந்தால் அந்த அளவுக்கு நட்டஈட்டைக் குறைப்பதற்கும் 1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது.

சிலர் ஒரு பலகை மாட்டிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள்: "இங்கு நடக்கும் எதற்கும் உரிமையாளர் பொறுப்பல்ல." 1997ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க நியாயமற்ற ஒப்பந்த நிபந்தனைகள் சட்டத்தின்படி, உங்கள் கவனயீனத்தால் ஒருவருக்கு மரணமோ உடற்காயமோ வந்தால் அந்தப் பொறுப்பை இப்படியான அறிவித்தல் ஒன்றால் விலக்கிக்கொள்ள முடியாது. அந்தப் பலகைக்குச் செலவழிக்கும் காசுக்கு ஒரு நல்ல விளக்கு வாங்கலாம்.

தொடர்மாடி என்றால் இன்னொரு ஆளும் வருகிறார். வெள்ளவத்தையில் பல தொடர்மாடிகளின் கீழ்த்தளக் கடை தனிச் சொத்து, ஆனால் முன்படியும் வாகனத் தரிப்பிடமும் பொதுப் பகுதி. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கத் தொடர்மாடி ஆதனச் சட்டத்தின் கீழ் அந்தப் பொதுப் பகுதி, தொடர்மாடி உரிமையாளர்கள் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பில் வருகிறது. நீங்கள் கடை உரிமையாளராக மட்டும் இருந்தால், விளக்கு, கதவு பற்றி அவர்களுக்கு எழுத்தில் அறிவியுங்கள். வீதி விளக்கு எரியவில்லை என்றால் கொழும்பு மாநகர சபைக்கு எழுதுங்கள். வீதி உங்களுடையது அல்லதான். ஆனால் இருட்டு என்று தெரிந்ததும் நீங்கள் சும்மா இருக்கவில்லை என்பதற்கு அந்தக் கடிதமே சாட்சி. இவையெல்லாம் பதிவுத் தபாலில் போகட்டும், பற்றுச்சீட்டைக் கோப்பில் ஒட்டிவிடுங்கள்.

காவலாளி பற்றிக் கொஞ்சம். பாதுகாப்பு நிறுவனம் 1998ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட்டதா என்று முதலில் கேளுங்கள், சான்றிதழின் பிரதியை வாங்குங்கள். காவலாளியை வைத்தால் மட்டும் கடமை முடிந்துவிடாது. தென்னாபிரிக்காவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2014இல் லூரேய்ரோ வழக்கில் ஒரு பாதுகாப்பு நிறுவனத்தைப் பொறுப்பாக்கியது; பொலிஸ் உடையில் வந்த கொள்ளைக்காரர்களுக்குக் காவலாளி சரிபார்க்காமல் கதவைத் திறந்துவிட்டிருந்தார். நம்மிடம் இருக்கும் காவலாளிகளில் பலர் வயதானவர்கள், 12 மணிநேரம் நிற்பவர்கள், குறைந்த சம்பளக்காரர்கள். அவரிடம் சண்டை பிடிக்கச் சொல்லாதீர்கள். அவரை யாரும் அடிக்கட்டும் என்று அனுப்ப உங்களுக்கு உரிமை இல்லை. அவருக்குத் தேவை மூன்று: எந்த நேரத்திலும் எடுக்கும் ஒரு தொலைபேசி இலக்கம், 119ஐ அழைக்கத் தயங்கவேண்டாம் என்ற உத்தரவு, அவர் எழுதுவதை வாசிக்கும் ஓர் ஆள். பதிவுப் புத்தகத்தை வாசிக்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம். எழுதப்பட்ட முறைப்பாடு உங்களுக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும். நான் வாராவாரம் வாசித்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் என்ன செய்தேன் என்று எழுதிக் கையொப்பமிடுகிறேன்.

காப்புறுதி: தீ, வெள்ளம் என்று எடுத்துவிட்டு இருக்கிறோம். பொதுமக்கள் பொறுப்புக் காப்புறுதி (உங்கள் இடத்தில் வெளியாருக்கு வரும் நட்டத்துக்கானது) இருக்கிறதா, மூன்றாம் ஆள் செய்யும் தாக்குதலை அது விலக்குகிறதா, வளாகத்தில் ஏ.டி.எம். இருப்பது அவர்களுக்குச் சொல்லப்பட்டதா என்று பாருங்கள்.

சம்பவம் நடந்துவிட்டால்

முதலில் மனிதர். அம்புலன்ஸுக்கு 1990, பொலிஸுக்கு 119. ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பியபிறகு, கூடவே போக ஒருவரை ஒழுங்கு செய்யுங்கள். உதவி செய்தால் பொறுப்பை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்று பயந்து ஒதுங்குகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். தண்ணீர் கொடுப்பதும் ஓட்டோ பிடித்துக் கொடுப்பதும் ஒப்புதல் இல்லை. யார்மேல் தவறு என்று அந்த இடத்தில் பேசாமல் இருந்தால் போதும்.

அடுத்து கமரா. பெரும்பாலான பதிவுப் பெட்டிகள் வட்டு நிறைந்ததும் பழையதன்மேல் எழுதிவிடும். அன்றைக்கே பிரதி எடுங்கள், சம்பவத்துக்கு முந்திய ஒரு மணிநேரத்தையும் சேர்த்து. யார் எடுத்தது, எந்தப் பெட்டியிலிருந்து, எத்தனை மணிக்கு என்று எழுதி இரண்டு பேர் கையெழுத்து வையுங்கள். பெட்டியின் கடிகாரத்தைச் சரிபாருங்கள். மின்வெட்டுக்குப் பிறகு உள்ளே இருக்கும் சின்ன பற்றரி செத்துப்போனதால் திகதி 2000ஆம் ஆண்டுக்குப் போய் நிற்கும் பெட்டிகள் எத்தனையோ. எதிர்த்தரப்புச் சட்டத்தரணி முதலில் பிடிப்பது அதைத்தான். கடிகாரம் பிழையாக இருந்தால் மாற்றாதீர்கள். உங்கள் கைத்தொலைபேசியின் நேரத்தையும் அதன் நேரத்தையும் ஒரே படத்தில் பிடித்து வித்தியாசத்தைக் குறித்துவையுங்கள். ஒளிப்பதிவை வழக்கில் சாட்சியமாக்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சாட்சியச் சட்டம் வழிசெய்கிறது. விசாரணைத் திகதிக்கு 45 நாட்களுக்கு முன்பே அறிவித்தல் கொடுக்கவேண்டும் என்பதால் சட்டத்தரணிக்கு நேரத்தோடு சொல்லுங்கள்.

அந்தக் காட்சியை வட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், பேஸ்புக்கில் போடாதீர்கள். விழுந்துகிடக்கும் ஒருவருடைய முகம் ஊர் பார்ப்பதற்கு அல்ல. தனிப்பட்ட தரவுகளைப் பாதுகாக்க 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேற்றப்பட்டிருக்கிறது. பொலிஸுக்குக் கொடுங்கள், வாங்கியதற்குக் கையெழுத்து வாங்குங்கள். கமராவைப் பொருத்தும்போதே அது இலக்கம் அழுத்தும் பலகையைப் பார்க்காதபடி திருப்பியிருக்கவேண்டும்.

அன்றைக்கு விளக்குகள் எரிந்த நிலை, கதவு, படி எல்லாவற்றையும் அதே நேரத்து வெளிச்சத்தில் படம் எடுங்கள். குறை இருந்தால் படம் எடுத்த பின் உடனே திருத்துங்கள். வழக்கு வரும் என்று பயந்து உடைந்ததை உடைந்தபடியே விடுவது அடுத்த ஆளையும் விழுத்தும். காப்புறுதி நிறுவனத்துக்குப் பத்திரத்தில் சொன்ன காலத்துக்குள் எழுத்தில் அறிவியுங்கள்.

அட்டையை நகலெடுக்கும் கருவி பொருத்திப் பணம் திருடுவது வேறு விஷயம். அது 2006ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கொடுப்பனவுச் சாதன மோசடிகள் சட்டத்தின் கீழ் குற்றம், கணக்கிலிருந்து போன பணம் பற்றிய பேச்சு வாடிக்கையாளருக்கும் வங்கிக்கும் இடையில். உங்கள் துப்புரவுப் பணியாளர் அட்டை போடும் வாயில் ஏதாவது ஆடுகிற துண்டைக் கண்டால் தொடாமல் வங்கிக்கும் பொலிஸுக்கும் சொல்லவேண்டும், அவ்வளவுதான்.

அடிபட்டவர் நீங்கள் என்றால்

உரிமையாளர்களுக்கு எழுதினாலும் இதை விட்டுப்போக மனம் வரவில்லை. பொலிஸில் முறைப்பாடு பதியும்போது பறிபோன பணத்தை மட்டும் சொல்லாதீர்கள். விளக்கு எரியவில்லை, காவலாளி இல்லை, கண்ணாடி மறைந்திருந்தது என்பதையும் வாக்குமூலத்தில் எழுதுவியுங்கள். தமிழில் சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கிறது. விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள். முறைப்பாட்டுப் பிரதியை எடுங்கள். ஆஸ்பத்திரிப் பற்றுச்சீட்டு, மருந்துத் துண்டு, வேலைக்குப் போகாத நாட்களுக்கான கடிதம் எல்லாவற்றையும் சேர்த்துவையுங்கள். மருத்துவச் செலவும் இழந்த வருமானமும் பண நட்டம். உடற்காயத்தின் வேதனைக்கும் உரோமன் டச்சுச் சட்டத்தில் தனியாகக் கேட்கலாம்.

கமராப் பதிவை அழிக்கவேண்டாம் என்று வங்கிக்கும் கட்டட உரிமையாளருக்கும் உடனே பதிவுத் தபாலில் எழுதுங்கள். காலம் மிக முக்கியம்: 1871ஆம் ஆண்டின் காலவதியாதல் கட்டளைச் சட்டத்தின் 9ஆம் பிரிவின்படி நட்டஈட்டு வழக்கை 2 வருடங்களுக்குள் தாக்கல் செய்யவேண்டும். கடிதம் எழுதிக்கொண்டும் பேச்சுவார்த்தை நடத்திக்கொண்டும் இருப்பதால் அந்த 2 வருடம் நின்று காத்திருக்காது. சட்டத்தரணிக்குக் கட்ட வசதி இல்லை என்றால் புதுக்கடை மேல் நீதிமன்றக் கட்டடத்தொகுதியில் இருக்கும் சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு முறைப்பாட்டுப் பிரதியோடும் பற்றுச்சீட்டுகளோடும் வருமானச் சான்றோடும் போங்கள்.